ஐம்பது கேலன்

ஜெர்மேன் டார்டிஃபுக்கு நான் ஓட்டுப் போட்டதில்லை.
நான்கு தேர்தல், நான்கிலும் இல்லை.
அவளிடமே சொல்லியிருக்கிறேன்,
அவள் வீட்டுத் தொட்டிக்கு எண்ணெய் இறக்கும்போது.
"குழாயைச் சரியாகப் பிடி" என்றாள்.

அதற்கு முன் பதினேழு வருடம்
மாதா கோவிலின் நிலவறையில் ரொட்டி கொடுத்தாள்.
நீளமாய் ஒரு மடக்கு மேசை, ஒரு கால் குட்டை,
முட்டுக்கொடுக்க உருளைக்கிழங்குப் பெட்டியின் அட்டை.
மேசைமேல் எதுவும் ராத்தங்கக் கூடாது.
அவள் போட்ட முதல் சட்டம் அதுதான்.
மிஞ்சிய முட்டைகோஸை
யாருடைய காரிலாவது திணித்த பிறகே விளக்கை அணைப்பாள்.
என் லாரி இருக்கைக்குப் பின்னால் ஒருமுறை
ஆறு டப்பா பட்டாணி.
நான் கேட்கவில்லை.
கேட்க மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும்.

மேய்ன் மாநிலத்தின் உச்சி எங்கள் ஊர்.
ஆற்றுக்கு அப்பால் கனடா.
தலைநகர் ஆகஸ்டா தெற்கே ஐந்து மணி நேரம்,
பனி பெய்தால் ஏழு.
அங்கே சுவர்ப் பலகையில்
ஆம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு.
முதல் முறையே அவள் மசோதாவுக்குப் பச்சை:
குளிர்காலத்தில் ஏழை வீட்டுக்கு நூறு கேலன் எண்ணெய்.
அன்று மாலை ஊருக்குப் போன் போட்டுக் கத்தினாளாம்.

பிறகுதான் விளக்கினார்கள்.
நிறைவேறிய மசோதா மேசைக்குப் போகும்,
பணம் ஒதுக்கும் குழுவின் மேசைக்கு.
பணம் இல்லையென்றால் அங்கேயே கிடந்து
கூட்டத்தொடரின் கடைசி இரவில் சாகும்.
எதிர்த்து ஒரு சிவப்பும் எரிய வேண்டியதில்லை.

மேசையிலா, என்று கேட்டாளாம்.
ராத்திரி முழுக்கவா.

மூன்று முறை செத்தது.
நான்காம் முறை, காகித ஆலையின் வரிவிலக்குக்கு
அவள் விரல் பச்சையை அழுத்தியது.
கொள்ளை என்று அவளே சொன்ன வரிவிலக்கு.
ரொட்டி மேசையில் கூடவே நின்ற லூசியென்
அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினாள்.
அந்த வாரமே மசோதா மேசையைவிட்டு இறங்கியது,
பாதியாக.
ஐம்பது கேலன்.

ஐம்பது கேலனுக்கு லாரி வராது.
எங்கள் கம்பெனியில் குறைந்தது நூறு.
நூற்றைம்பத்தோரு உறுப்பினர், முப்பத்தைந்து செனட்டர்,
கையெழுத்திட்ட கவர்னர்,
ஒருவருக்கும் இது தெரியவில்லை.
ஜெர்மேனுக்குத் தெரியும்.
நவம்பரில் முதலாளி முன்னால் வந்து நின்றாள்,
பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் ஓட.
கையில் பட்டியல். வீடுகள் இரண்டிரண்டாக,
இரண்டு தொட்டிக்கும் ஒரே குழாய் எட்டுகிற தூரத்தில்.
வேலித் தகராறில் பதினொரு வருடம் முகம் பாராத
இரண்டு வீட்டையும் ஜோடி சேர்த்திருந்தாள்.
"எண்ணெய்க்குச் சண்டை தெரியாது."

பதினாலாவது வரியில் என் விலாசம்.
விண்ணப்பித்தது நான் இல்லை. என் மனைவி.
அந்த வியாழக்கிழமை என் வீட்டுக்கு
நானே லாரி ஓட்டிப் போனேன்.
மீட்டர் நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது.
இன்னும் ஒரு நொடி விட்டால் யாருக்குத் தெரியும்.
ஐம்பதில் நிறுத்தினேன்.
பக்கத்து வீட்டுக்குக் குழாயை இழுத்தேன்.

எட்டு வருடத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார
மாநிலம் விடாது.
பெட்டியோடு திரும்பி வந்தாள்.
நிலவறையில் இப்போது புது நிர்வாகி,
கம்ப்யூட்டரில் டோக்கன் தருகிற பையன்.
செவ்வாய்தோறும் டப்பா பிரிக்கும் வேலையை
அவளுக்குக் கொடுத்திருக்கிறான்.

காகித ஆலை மார்ச்சில் மூடிவிட்டது,
வரிவிலக்கையும் வாங்கிக்கொண்டு.
பெட்டிகளை இறக்கிவைத்தபடி
அந்தப் பச்சையைப் பற்றிக் கேட்டேன்.

அவள் ஒரு டப்பாவை விளக்கருகே தூக்கித்
தேதியைப் படித்தாள். மூடியைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.
"தேதி தாண்டிவிட்டது," என்றாள்.
"ஆனால் உப்பவில்லை.
கொடுக்கலாம்."