தலைக்கட்டு

அறுபத்து நாலாயிரம் சம்பாதித்தேன் அந்த வருஷம்.
கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு
சேலைக்கடை விளம்பரம், பல் ஆஸ்பத்திரி போர்டு,
மாப்பிள்ளை மீசையைக் கொஞ்சம் கறுப்பாக்கிய
கல்யாண ஃபிளெக்ஸ்கள்.
கைக்கு வந்தது ஐம்பத்தேழாயிரத்து அறுநூறு.

மிச்சத்தை எவன் எடுத்தான் என்று
வில்லாபுரம் ஹவுசிங் போர்டு மாடிப்படியில் கத்தினேன்.
"பிடித்தம்" என்றான் ஜெஃப்ரின்.
பன்னிரண்டாம் வகுப்பில் நாங்கள் நாலு பேரும் அக்கவுண்டன்சி.
டெபிட், கிரெடிட் தூக்கத்திலும் வரும்.
வரி எதற்கு வந்தது என்று மட்டும்
எந்தப் பரீட்சையும் கேட்கவில்லை.

"நாம எங்க வரி கட்டுறோம்" என்றான் குபேந்திரன்,
வாய் நிறைய பிஸ்கட்.
சுபைதா அவன் கையிலிருந்த உறையைப் பிடுங்கி
விளக்குக்கு நேரே காட்டினாள்.
கடுகளவு எழுத்தில்:
அனைத்து வரிகளும் உட்பட.
அவன் மெல்லுவதை நிறுத்தினான்,
பிறகு மறுபடி மென்றான்.

ஜெஃப்ரின் தொடைக்குள் ஒரு எஃகுத் தகடு இருக்கிறது.
அவனியாபுரம் வளைவில் பைக்கோடு விழுந்தபோது
பெரியாஸ்பத்திரியில் வைத்தது. பில் கிடையாது.
அவனைத் தள்ளிய பள்ளமும் அரசாங்கத்தோடது,
தைத்த ஊசியும் அரசாங்கத்தோடது.
"ரெண்டுக்கும் நாமதான் காசு" என்றாள் சுபைதா.
"ஊசியக் கும்பிட்டுட்டு
பள்ளத்தக் கேக்காம போனா
அது நம்ம தப்பு."

லேப்டாப்பில் ஒரு பொத்தான் கிடையாது,
குச்சியால் குத்த வேண்டும்.
பான் எண். வங்கிக் கணக்கு.
என் பெயரில் பிடித்ததெல்லாம் வரிசையாக இருக்கும் பட்டியல்:
கம்பெனிக்காரன் பொய் சொல்லவில்லை,
ஆறாயிரத்து நானூறும் அங்கே பத்திரமாக உட்கார்ந்திருந்தது.
படிவத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்து
ஒரு மணி நேரம் வீணானது.
சரியான படிவத்தில்,
வந்ததில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதுமாம்.
இவ்வளவு தாராளம் எங்கள் வீட்டு ஓனரிடம்கூடக் கண்டதில்லை.

கட்ட வேண்டிய வரி: பூஜ்யம்.

மூவரும் கை தட்டினார்கள். எனக்குத் தட்ட வரவில்லை.

உசிலம்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊர்.
அப்பா செத்த மறு வருஷம்
திருவிழா நோட்டோடு வந்தார்கள்,
தலைக்கட்டுக்கு ஐநூறு.
பக்கத்து வீட்டில் வாங்கினார்கள், எதிர்வீட்டில் வாங்கினார்கள்.
எங்கள் வாசலில் நிற்கவில்லை.
"ஆம்பளயில்லாத வீடு, பாவம், விட்ரு."
அம்மா மடித்த நோட்டோடு
தெருமுனை வரை பின்னாலேயே ஓடினாள்.
வாங்கவில்லை.
பொங்கலன்றைக்குக் கறி மட்டும் வந்தது
தூக்குச்சட்டி நிறைய.
அம்மா அதை நாய்க்கு வைத்தாள்.
தெருக்குழாயில் தண்ணி வராததைக் கூட்டத்தில் கேட்டபோது
வரி கொடுக்காதவளுக்கு என்ன பேச்சு என்றார்கள்.
அடுத்த மாசம் மதுரைக்கு பஸ் ஏறினோம்.

கடைசிக் கட்டம்: சரிபார்ப்பு.
ஆதாரோடு இருப்பது அம்மாவின் செல்.
அவள் அப்பளக் கம்பெனியில், ராத்திரி பேக்கிங்.
போன் போட்டேன்.
"ஆறு நம்பர் வந்திருக்கும், சொல்லும்மா."
எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
"யாருக்கும் சொல்லாதேன்னு போட்டிருக்குடி."
"நான் யாரோவா?"
"எதுக்கு அது?"
"வரிக்கணக்குல எம்பேரு ஏற."

எந்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"எவ்வளவு கட்டணும்?"
"ஒண்ணும் கட்ட வேணாம். பிடிச்சதையும் திருப்பித் தருவாங்க."
"சும்மா விட்டுட்டாங்களா, பேச்சிப்ரியா?"
அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
தெருமுனையிலிருந்து திரும்பி நடந்த குரல்.
"இல்லம்மா. கணக்குப் பாத்துத்தான்.
எனக்கும் அதே கணக்கு, எல்லாருக்கும் அதே கணக்கு."

"அப்ப எழுதிக்க" என்றாள்.
"நாலு. பூஜ்யம். ஒம்பது. ரெண்டு. ரெண்டு.
ஏழு... இரு, இரு, ஒண்ணு மாதிரியும் இருக்கு.
கண்ணாடி எடுத்துட்டு வாரேன், வச்சிராத."