லாம்

சொல்லுக்கு ஒன்றேகால் ரூபாய்.
நாற்பத்தொரு பக்க வரைவு நள்ளிரவில் வந்தது.
பாம்பனில் மின்சாரம் இல்லை.
கைப்பேசி வெளிச்சத்தில் தமிழாக்கினேன்:
நாடுகள் கரிப்புகையைக் குறைக்கும்.

விடியுமுன் திருத்தம்.
குறைக்கும் இல்லை, குறைக்கலாம்.
இருநூறுக்குச் சற்றே குறைவான நாடுகள்
இரண்டு வாரம் கண்விழித்து
ஒரு வினைச்சொல்லுக்கு வால் மாற்றியிருக்கின்றன.
எனக்குக் கூலி கூடவில்லை.
லாம் தனிச்சொல் ஆகாதாம்.

பக்கமெல்லாம் அடைப்புக்குறி.
ஒத்துவராத சொல்லை அதற்குள் அடைப்பார்கள்:
[உடனடியாக] [இயன்றவரை] [உரிய காலத்தில்]
குறிகள் ஒவ்வொன்றாக எடுபடும் என்றார்கள்.
எடுபட்டன,
உள்ளே இருந்த சொல்லோடு சேர்த்து.

ஒன்றரை டிகிரி என்று எழுதும்போது கை நின்றது.
ஒரு கண் எண்ணெய்க் கிணற்றின் மேல்,
அரைக்கண் எங்கள் மேல்.
கணக்கு சரிதான்.

சின்னப்பாலத்து நம்புநாயகி
போன வருடம் அங்கே போய் வந்தவர்.
பாசி எடுக்கிறவர். பத்து விரலிலும் துணி சுற்றி
பாரின் மேல் மூழ்குகிறவர்.
யாரோ இரவல் கொடுத்த கம்பளிச் சட்டை,
கழுத்தில் மஞ்சள் அட்டை.
பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாளாம்
பதிவு மேசைப் பெண்.
"நம்புன்னா நம்புறதுதான்னு சொன்னேன்.
ரொம்பப் பொருத்தம்னு சிரிச்சா.
அது எங்க அம்மன் பேருன்னு சொல்லல."

மஞ்சள் அட்டை பெரிய அறைக்குள் போகாது.
சின்ன அறையில் மூன்று நிமிடம்.
"தண்ணி சுடுது, சித்திரையில பாரு வெளுத்துச்சு
வடிச்ச சோறு மாதிரின்னேன்.
மொழிபெயர்க்கிற புள்ள சோத்துலயே நின்னுட்டா.
செவப்பு வெளக்கு எரிஞ்சுருச்சு."
கடலை மட்டும் பார்த்தாராம்,
காப்பிக் கடைக்குப் பின்னால், சுவர் முழுக்க,
நீலமாய், சத்தமில்லாமல்.

திரும்பும்போது ஒரு துணிப்பை கொடுத்தார்கள்,
உலகப்படம் போட்டது.
அதில் மரிக்கொழுந்துப் பாசி அள்ளினார்.
மூன்றாம் நாள் உலகத்துக்கு அடி பிய்ந்தது.

இந்த வருசம் என்ன முடிவு பண்ணுனாக, என்று கேட்டார்.
வால் மாறிய கதையைச் சொன்னேன்.
நிதிக்குத் தொட்டில் கட்டிப் பேரும் வைத்தாயிற்று,
பிள்ளையை அடுத்த மாநாட்டில் பெறுவார்கள் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

"நாங்களும் ஒப்பந்தம் போட்டோம்.
அமாவாசைக்கு ஆறு நாளு, பௌர்ணமிக்கு ஆறு நாளு,
மிச்ச நாளு பாசிக்கு.
காகிதம் இல்ல. கரையில நின்னு பேசுனது.
போன ஆடியில நானே மீறுனேன்.
மகனுக்குக் காலேஜுல பணம் கட்டணும்.
ஏழாவது நாளு இருட்டோட போயி எடுத்துட்டேன்.
அதான் சொல்றேன், அவுக மீறுவாக.
மீறுறவ மனசு எனக்குத் தெரியும்.
ஆனா என் மூட்டையத் தூக்கிவிட
கரையில ஒரு கை வரல.
செலஸ்டினா, கூடப்பொறந்தவ மாதிரி,
அவளும் கடலப் பாத்துக்கிட்டே நின்னா.
அவுக மூட்டைய..."
நிறுத்தினார்.
"எத்தன கை தெரியுமா? எல்லாம் கோட்டுப் போட்ட கை."

பாரை உடைத்துச் சுண்ணாம்புக்கு விற்றவர் அவர் மாமனார்.
அதையும் அந்த மூன்று நிமிடத்தில் சொல்ல நினைத்தாராம்.

இறுதி வரைவை அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன்:
வரவேற்கிறது, குறித்துக்கொள்கிறது, ஊக்குவிக்கிறது.
பாலத்துக்கு அந்தப் பக்கம் கச்சான் இரைந்தது.
நாளைக்குக் காத்து அடங்குமா, என்றார்.
அடங்கலாம்.
சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.
"காத்துக்கு லாம் போடுங்க, தகும்.
அது எங்கயும் கையெழுத்துப் போடல."

விரல்களுக்குப் பழஞ்சேலை கிழித்தார்.
ஒன்பதுக்குத்தான் வந்தது.
சுண்டுவிரலை ஒருமுறை பார்த்துவிட்டு
மடக்கிக்கொண்டார்.