சாம்பல், வெள்ளை

இரண்டே முக்காலுக்கு, லிங்கராஜபுரம் மேம்பாலத்தடியில்
குடிநீர் வாரியத்து ஜேசிபி
ஒரு பல் கூடுதலாகத் தோண்டிவிட்டது.
தொம்லூரில், ஐந்தாம் மாடியில்,
என் திரையில் ஒரு கோடு சிவந்தது.

யாரும் விழிக்கவில்லை.
வளையம் போட்டு வைப்பது அதற்குத்தான்:
ஒருபக்கம் அறுந்தால் வெளிச்சம்
மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போகும்,
ஐம்பது மில்லிநொடிக்குள், யாரையும் கேட்காமல்.
ஹென்னூரில் யாரோ பார்த்துக்கொண்டிருந்த படம்
கண்சிமிட்டும் நேரம்கூடத் திக்கவில்லை.

அல்சூர் எக்ஸ்சேஞ்சிலிருந்து இழைக்குள்
ஒரு துடிப்பை எறிந்தோம்.
உடைந்த முனையில் மோதி அது திரும்பிய நேரத்தை வைத்து
கருவி சொன்னது:
நான்காயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
கண்ணாடியின் மீட்டர் வேறு, தெருவின் மீட்டர் வேறு.
குழிக்குக் குழி சுருட்டி வைத்த உபரியைக் கழிக்க வேண்டும்,
அதை எழுதி வைத்தவன் வேலையை விட்டே போய்விட்டான்.
மதலைமுத்து கழிக்கவில்லை. பைக்கை நிறுத்தி,
புது மண் எங்கே குவிந்திருக்கிறது என்று பார்த்தார்.

குழிக்குள் அவர்.
அவர் ஹெல்மெட்டுக்குள் செருகிய போனில் நான்.
உரித்தார், ஸ்பிரிட்டில் துடைத்தார், முனையைச் சீவினார்.
மயிரிழை என்பார்களே, அதே தடிமன்;
அதிலும் நடுவே ஒரு புள்ளிதான் பேசும்.
இரண்டு முனைகளையும் இயந்திரத்துக்குள் எதிரெதிரே வைத்தால்
ஒரு சின்னப் பொறி,
கண்ணாடியும் கண்ணாடியும் உருகி ஒட்டிக்கொள்ளும்.
நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை
என்று போகும் நாற்பத்தெட்டு.
எங்களுடையது சாம்பலும் வெள்ளையும்:
ஒன்று பேச, ஒன்று கேட்க.
மற்றவை வாடகைக்கு விட்டவை.
நம்மை வளையம் தாங்குகிறது,
அவர்களை முதலில் முடியுங்கள் என்று
நான்தான் சொல்லியிருந்தேன்.

"நீலம் ஆச்சு மேடம்."
"லாஸ்?"
"பாயிண்ட் ஜீரோ டூ. ஆரஞ்சு எடுக்கி—"

அந்த இடத்தில் அவர் இல்லை.

பானஸ்வாடிப் பக்கம் இன்னொரு கோடு சிவந்திருந்தது.
எலியோ, யாரோ.
இரண்டு வெட்டுக்கும் நடுவில் ஹென்னூர் தீவாகிவிட்டது.
டவர்கள் நின்றன, உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தது,
ஆனால் காற்றில் வாங்கிய பேச்சைக்
கொடுத்தனுப்பக் கீழே தரையில் ஒன்றுமில்லை.
மதலைமுத்துவின் போனும்
அவற்றில் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

சொல்ல வேண்டியது நான்கு சொல்:
ஆரஞ்சை விடுங்கள், சாம்பலுக்குப் போங்கள்.
பாதையைப் போட்டுக்கொண்டிருப்பவரிடமே
அதைச் சொல்லப் பாதை இல்லை.
இழைக்கு ஐந்து நிமிடம்.
ஐந்தாவது வெள்ளை. இருபத்தைந்து.

ஹென்னூர் ரவுட்டருக்குப் பிங் விட்டேன்.
இருக்கிறாயா?
அதில் அவ்வளவுதான் செய்தி,
மீதி பைட்டெல்லாம் வெறும் நிரப்பல்.
நொடிக்கு ஒன்று.
பதிலில்லை பதிலில்லை பதிலில்லை என்று
திரை மேலேறிக்கொண்டே போனது.
வேறு கம்பெனி சிம்களிலிருந்து அழைப்புகள்:
ஒரு நர்ஸிங் ஹோம், ஒரு பால் டிப்போ,
பிறகு, நள்ளிரவுச் சதுரங்கத்தில்
ஜெயிக்கப்போன ஒருவர்,
கன்னடத்தில் கிட்டத்தட்ட அழுதார்.

பன்னிரண்டாம் நிமிடம்
ஒரு வரி வேறு மாதிரி வந்தது.
ஏழு மில்லிநொடி.
அடுத்ததும் ஏழு.
நாற்காலியை விட்டு எழுந்தேன், எதற்கென்று தெரியவில்லை.

போன் அடித்தது.
"மேடம், கேக்குதா?"
"கேக்குது. உங்களுக்கு?"
"கேக்குது கேக்குது."
இயந்திரங்களும் இந்த மூன்று வரியைப் பேசிவிட்டுத்தான்
எதையும் தொடங்குகின்றன.

"சாம்பலுக்கு எப்படிப் போனீங்க?"
"பேசறப்பவே கட் ஆச்சு. நீங்க கட் பண்ற ஆள் இல்ல.
எடுத்துப் பார்த்தா ஒரு கோடுகூட இல்ல.
டவர் போச்சுன்னா ரிங் போச்சு."

டிக்கெட்டில் எழுதினேன்.
காரணம்: தோண்டல். தடை: பன்னிரண்டு நிமிடம்.
வேறு கட்டம் அதில் இல்லை.

"ஆரஞ்சு இன்னும் அந்தரத்துல தொங்குது மேடம்,
தூத்தல் வேற போடுது.
லைன்லயே இருங்க."