எட்டாம் பாகத்துக்குக் குரல் கொடுத்தது

கல்முனை, டயர்க் கடைக்கு மேல்மாடி.
சுவரெல்லாம் மெத்தை சாத்தி,
மின்விசிறியை நிறுத்தி,
வியர்த்துக்கொண்டே விண்வெளிக்குப் போனோம்.
எட்டாம் பாகம். இரண்டரை மணி நேரம்.
எங்கள் பேச்சில் ஒரு தரம் பேசவைத்துப் பார்ப்பது என்று முடிவு.
யாரும் கேட்கவில்லை, யாரும் காசு தரவும் இல்லை.

முதல் நாளே கர்வாக்கில் சிக்கினோம்.
ஏழு கிரகம் எரித்தவன். இரும்பு முகமூடி.
அவன் எந்த ஊர்த் தமிழ் கதைப்பான்?

"யாழ்ப்பாணம்," என்றான் மிதுலன்,
"அந்த இழுவையில ஒரு அதிகாரம் இருக்கு."
ஆரணி ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள்.
அவள் அம்மாவுக்குச் சாவகச்சேரி.

"அப்ப காத்தான்குடி?"
நுஸ்கி சிரித்தான், பல்லால் மட்டும்.
"எரிக்கிறவனுக்கு எங்கட வாயா?
கேட்டுக் கேட்டு அலுத்த பாத்திரம் மனே அது."

"மட்டக்களப்பு எண்டா?"
"ஆரும் பயப்பட மாட்டாங்க.
சோறு திண்டுட்டுப் போகச் சொல்லுவான்."

சிங்களம் கலந்த தமிழ் என்று ஒருவர் தொடங்கி
தானே நிறுத்திக்கொண்டார்.
கீழே ஒரு பஸ் நெடுநேரம் ஹோர்ன் அடித்தது.

கடைசியில் சென்னைத் தமிழ்.
இங்கே ஒருவருக்கும் வலிக்காது.
மூன்று நிமிடம் ஓட்டிப் பார்த்தால்
தொடர் நாடகத்து மாமனாராய் நின்றான் கர்வாக்.
அவன் சபதத்தின் நடுவில்
சூன் பாண் ஓட்டோவின் பாட்டு வேறு பதிவாகியிருந்தது.
அழிக்கவில்லை.
அந்தக் காட்சியில் அது ஒன்றுதான் நன்றாயிருந்தது.

நிஸ்மியாவுக்கு வேறு கோபம்.
ஐந்து பாகமாய் எரிபொருள் சுமந்தவன் தோரெம்.
கறுத்தவன். இஸேனைச் சாவிலிருந்து மூன்று தரம் இழுத்தெடுத்தவன்.
எட்டாம் பாகத்தில் அவனுக்குப் பதினொரு வரி
(எண்ணிப் பார்த்தேன், அவள் சொன்னது சரி).
கர்வாக் முகமூடி கழற்றுகிறான்.
உள்ளே வெள்ளை முகம், ஈரக் கண், செதுக்கிய தாடை.
இஸேன் அவனை முத்தமிடுகிறாள்.

"வடிவான மூஞ்சி எண்டா
ஏழு கிரகமும் கணக்கில இல்லையா புள்ள?"
"அவன் திருந்திட்டான்," என்றாள் ஆரணி,
"காதலுக்கு நிறம் பார்க்கிறதோ?"
"பார்த்துத்தானே எழுதியிருக்கானுகள்."

மிதுலன் வாய் திறக்கவில்லை.
அவனும் நிஸ்மியாவும் ஒரே பஸ்ஸில் வந்து
ஒரு தரிப்பிடம் தள்ளித் தள்ளி இறங்குகிறவர்கள்.
எங்களுக்குத் தெரியும் என்பது
அவர்களுக்குத் தெரியாது.

எனக்குக் கரகரத்த தொண்டை. அதனால் கர்வாக் என் தலையில்.
'உறுமவும்' என்று தாளில் கோடிட்டிருந்தது.
எனக்கு உறும வரவில்லை.
எங்கள் வீட்டுக்கு வந்தவன் உறுமவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான்.
"அஞ்சு நிமிசம். விசாரிச்சிட்டு விட்டுடுவம்."
மாமா சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு போனார்.
அது எந்த ஊர்த் தமிழ் என்று
அம்மா இன்றுவரை சொன்னதில்லை.

நானும் அந்த அறையில் சொல்லவில்லை.
மெதுவாகப் பேசினேன், அவ்வளவுதான்.
திரையில் ஒலிக்கோடு எழும்பவே இல்லை.
"இன்னும் கொஞ்சம் சத்தமா?" என்றாள் ஆரணி.
"விடு," என்றான் நுஸ்கி.
"இப்பதான் பயமா இருக்கு."

மிச்சம் அந்த முத்தம்.
அதற்கு முன் இஸேன் ஒரேயொரு சொல் சொல்கிறாள்.
உதடு மூடி, குவிந்து, திறக்கிறது.
ஆங்கிலத்தில் அது மன்னிப்பு.
'மன்னித்தேன்' நீளம்.
'சரி' போதாது.
'வா' என்றால் நிஸ்மியா எழுந்து போய்விடுவாள்.
நிறுத்தி நிறுத்தி அந்த உதட்டையே பார்த்தோம்,
பின்னேரம் நாலு மணி மட்டும்.

நிஸ்மியா மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.
அந்த நல்ல தாடைக்கு நேரே,
எரிந்த ஏழையும் ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தவள் போல
ஒரு சொல் கேட்டாள்:

"மறுகா?"

உதடு கச்சிதமாய்ப் பொருந்தியது.

முத்தச் சத்தத்துக்கு
மிதுலன் தன் மணிக்கட்டை முத்தமிட்டான்.
சரியாக விழவில்லை, இன்னொரு தரம் என்றாள் ஆரணி.
"உப்பு," என்றான்,
நிஸ்மியாவைப் பார்க்காமல்.