முறிய வேண்டிய இடம்

எஞ்சினை மாற்ற ஒரு சனிக்கிழமை போதுமாக இருந்தது.
மற்றதற்கெல்லாம் பதினான்கு மாதம்.

ஸ்தூரேயின் பழைய இரும்புக் கிடங்கில்
பனிக்குள் பாதி புதைந்து கிடந்த காரிலிருந்து
டர்போவோடு சேர்த்துத் தூக்கினோம்
நானும் தங்கை இங்கேலாவும்.
எங்களுடையது எண்பத்தொன்பதாம் வருட வோல்வோ.
பித்தியோவில் ஒரு பல் மருத்துவர்
நாயைக் கூட்டிப்போக மட்டும் வைத்திருந்தது.
பின்சீட்டில் இன்னும் அதன் முடி.

நூற்றுப் பதினைந்து குதிரைகள் நின்ற கொட்டிலில்
முந்நூறைக் கொண்டுவந்து கட்டினோம்.
கயிறு மட்டும் பழசு.

முதல் மிதியில்
ஒரு விசில் மெல்ல ஏறியது.
அரை நொடி ஒன்றுமில்லை.
பிறகு முதுகில் கைவைத்து யாரோ தள்ளினார்கள்.
இங்கேலா சிரித்தாள்.
மூன்றாவது கியரில் சிரிப்பு நின்றது.
காலடியில் கொட்டைப்பாக்கு வெட்டும் சத்தம்.

எண்ணெயை வடித்தால் தட்டில் பற்கள்:
நான்கு முழுசு, ஒன்று பாதி.
'பல் மருத்துவர் வண்டிதானே' என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
குருவி தலையில் பனங்காயை வைத்துவிட்டு
குருவியைக் குறை சொல்ல முடியாது.

ஜெர்மன் கியர்பாக்ஸ் ஒன்று வந்தது.
சுவீடன் எஞ்சினுக்கும் அதற்கும்
எந்தத் துளையும் பொருந்தவில்லை.
நடுவே நின்று சம்பந்தம் பேச
பன்னிரண்டு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு,
கடைந்து தந்தவன் காகிதத்தொழிற்சாலை இரவு ஷிஃப்ட்டுக்காரன்.
கூலி, அரை எல்க் இறைச்சி.

அப்புறம் கிளட்ச் கருகியது,
தீய்ந்த வாடை கையுறையில் வாரக்கணக்கில்.
கனத்த கிளட்ச் போட்டோம்,
இடது முழங்கால் வலித்தது.
அப்புறம் புரொபெல்லர் ஷாஃப்ட்,
ஈரத்துணியைப் பிழிந்தது போல் ஒரு முறுக்கு.
அதையும் தடிப்பாக்கினோம்.
ஒவ்வொன்றாகப் பலப்படுத்தப் படுத்த
பலவீனம் காலி செய்துகொண்டு
பெட்டி படுக்கையோடு
அடுத்த வீட்டுக்குக் குடிபோனது,
எப்போதும் பின்பக்கமாக.

பிப்ரவரியில் கடல் உறைந்தது.
பனிமேல் ஓட்டினோம், வட்டம் வட்டமாக,
முழு அழுத்தம், முழு மிதி,
சக்கரம் தன்பாட்டுக்குச் சுழன்றது.
ஒரு போல்ட்கூடத் தளரவில்லை.
ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

மே மாதம். காய்ந்த தார்ச்சாலை. புது டயர்.
முதல் சிக்னலில் பச்சை விழுந்ததும்
பின் ஆக்சில் 'டக்' என்று,
குச்சியை ஒடித்தது போல அவ்வளவுதான்.
எஞ்சின் உறுமியது, வண்டி நின்றது,
பின்னால் ஒரு பேருந்து பொறுமையாக ஹாரன் அடித்தது.

கயிறு கட்டி இழுத்துவரும்போது சொன்னாள்:
'வழுக்குகிறவரை எதுவும் உடையாது, ரொய்னே.
ஹோகனோடு பதினோரு வருஷம்.
ஒரு கீறல் விழவில்லை.'
வைப்பரைப் போட்டேன். மழை இல்லை.

அடுத்த வாரம் வந்து
கடைசித் திட்டத்தை அவளே போட்டாள்.
ஆக்சில் கனமானது, டிஃபரென்ஷியல் கனமானது,
நடுவில் ஒரே ஒரு யு-ஜாயின்ட் மட்டும்
வேண்டுமென்றே சின்னது.
விலை நானூறு குரோனா.
'எங்காவது முறியத்தான் போகிறது.
எங்கே என்று நான் சொல்கிறேன்.'
அறுந்த ஷாஃப்ட் தரையில் குத்தாமலிருக்க
கீழே இரும்பு வளையம் ஒன்றை வெல்டிங் செய்தாள்.
சாமான் பெட்டியில்
நாய் பிஸ்கட் தூளுக்கு மேல்
மூன்று உபரி ஜாயின்ட்.

இப்போது ஜூன், இரவு பதினொன்றே முக்கால்,
வெயில் பைன் மரங்களுக்குப் படுக்கைவசத்தில் நிற்கிறது.
சாலையோரம் ஜாக்கி போட்டிருக்கிறோம்.
முதல் ஜாயின்ட் போய்விட்டது,
சொன்ன இடத்தில், சொன்ன மாதிரி.
கொசு அவள் கணுக்காலை விடுவதாயில்லை.
வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும்
வெளியே நீண்டு விரல்களை மடக்கி விரிக்கிறது:
'பதினாலு.'
கொடுக்கிறேன்.
'இது பதிமூணு.'