இரண்டரை லிட்டர்

நடுக்குரல் ஹார்னுக்கு
முதுகுப் பெட்டி.
கணக்குப்படி இரண்டரை லிட்டர்.
மூலைகளை நம்பாமல்
அரிசி கொட்டி அளந்தேன்
தமயந்தி கடைக்குப் போயிருந்தபோது.

ஈசூன், ஒன்பதாம் மாடி.
துளைபோடப் பகலில்தான் அனுமதி,
இரவெல்லாம் கோந்தும் கிளாம்பும்.
முதுகால் கசிகிற சத்தம்
முகத்தின் பேச்சைக் குழப்பும்.
கம்பளி திணித்தேன்,
மூடினேன். எட்டுத் திருகாணி.

சன்னமாய் வைத்ததும்
பாடுகிறவள்
சோபாவுக்கு அருகில் வந்து நின்றாள்.
குரல் ஏறும்போது மட்டும்
எங்கோ ஒரு கிர்ர்.

கோந்தா, கம்பியா, காந்தமா?
மூன்று நாள்.
லிஃப்டில் பக்கத்து வீட்டு ரோஸ்னா:
"வண்டு வளர்க்கிறீர்களா?"

எட்டையும் கழற்றினேன்.
கம்பளிக்கும் பலகைக்கும் நடுவே
ஒற்றை அரிசி.

தமயந்தி அதை வாங்கி
டின்னில் போட்டு மூடினாள்.
"இப்பதான் அளவு சரி."