முதலில் சுவரைத் துடை

காலை ஏழு மணிக்குத் தூக்கிய கைகளை
நண்பகலில்தான் இறக்குவாள் லியெர்கா.
ஸாக்ரெப் நகரத்துப் பழைய அடுக்ககங்களில்
நிலநடுக்கம் கீறிப்போன உட்கூரைகளுக்குப் பூச்சு வைப்பது
அவள் பிழைப்பு.
சாரத்தின் மேல் அவள். தலைக்கு மேல் கரண்டி.
அக்குள் இரண்டும்
ஊரைப் பார்த்துத் திறந்த சன்னல்கள்.

கீழே கலவை குழைக்கும் ஸ்லாவென்
ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை.
வீட்டுக்காரர்கள்தாம்
"கொஞ்சம் காற்று வரட்டுமே" என்று
சனவரி மாதத்தில் கதவைத் திறந்து வைப்பார்கள்.
வெளியே முழங்கால் அளவு பனி.
புரியாமலா இருக்கும்?

நாற்றம் என்ற சொல்
ஒரு காலத்தில் பூவுக்கும் பொருந்தியது.
இருக்கட்டும்.
இலிட்சா வீதியில் போகும் நீல டிராமில்
கைப்பிடியை எட்டிப் பிடிக்கும்போது
அந்தப் பழம்பெருமை யாருக்கும் உதவாது.
உட்கார இடம் கிடைக்காத நாட்களில்
கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு
ஒவ்வொரு வளைவிலும்
யார் மீதாவது சாய்ந்தபடி வீடு வந்தாள்.

பிறகு போர் தொடுத்தாள்.
சவரம் செய்த கையோடு, ஈரம் காயுமுன்னே
ஸ்ப்ரேயை அழுத்தி
எட்டு வரை எண்ணினாள்.
எரிந்தது.
எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று நம்பினாள்,
பல்லைக் கடித்துக்கொண்டு.
மதியம் வியர்வையின் மேலேயே இன்னொரு முறை:
வியர்வையும் லாவண்டரும் சேர்ந்து
மூன்றாவதாக ஒன்று பிறந்தது,
அதற்கு எந்த மொழியிலும் பெயரில்லை.
அடுத்த வாரம் யாரோ சொன்னார்களென்று
எலுமிச்சையும் சமையல் சோடாவும்.
சுண்ணாம்புத் தூசி தன் பங்குக்கு.

மார்ச்சில் அக்குள் கறுத்துச் சிவந்து
சட்டைத் தையல் பட்டாலே உயிர் போனது.

மருந்துக்கடை ஸ்மில்யானா
திரைக்குப் பின்னால் பார்த்துவிட்டு
"இது தோல், சுவரில்லை" என்றாள்.

லியெர்கா வாய் திறக்கவில்லை.
டிராமில் ஏறியபின்தான் பதில் வந்தது:
சுவராக இருந்திருந்தால்
நான் இப்படிச் செய்திருப்பேனா?

புழுதி துடைக்காத சுவரில் கை வைப்பேனா?
ஈரம் உலராமல் பூசுவேனா?
உப்பு பூத்த பழைய பூச்சின் மேலே
புதிய பூச்சை அப்பி மூடுவேனா?
சுரண்டிய அன்றே வண்ணம் அடிக்கிறவனை
சாரத்திலிருந்து இறக்கிவிட மாட்டேனா?

பத்து நாள் எதுவும் போடவில்லை.
தண்ணீர், மென்மையான சோப்பு, ஒற்றித் துடைக்க ஒரு துண்டு.
அந்தப் பத்து நாளும் கதவுகள் திறந்தே இருந்தன,
அவளும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள்.

இப்போது இரவில்.
குளித்து, காயவிட்டு,
மின்விசிறி இல்லாத வீட்டில்
கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துச்
செய்தி முடியும்வரை சும்மா கிடந்து,
வாசனையில்லாத உருளியால்
ஒரு பக்கத்துக்கு இரண்டே இழுப்பு. மெல்லிய பூச்சு.
தூங்கும் உடம்பு வியர்க்காது,
மருந்து ஊற இரவு முழுக்க நேரம் இருக்கிறது.
காலையில் கழுவினாலும் மிச்சமிருக்கும்.
சவரம் சனிக்கிழமை மட்டும்;
அன்றிரவு உருளிக்கு விடுமுறை.
அக்குள் மஞ்சளித்த நான்கு சட்டைகள்
கந்தலாகித் தரை துடைக்கப் போயின:
பாதி நாற்றம் அவற்றில்தான் குடியிருந்திருக்கிறது.

கறுப்பு முழுதும் போகவில்லை.
வெள்ளி மாலைகளில் கொஞ்சம் வாடை உண்டு,
அது வெள்ளிக்கிழமைக்கு உரியது,
அவள் அதோடு சண்டை போடுவதில்லை.

நேற்று ஸ்லாவென் வாளியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்,
காது நுனி சிவக்க:
"அது... எந்தக் கடையில்?"
"முதலில் குளி" என்றாள் மேலிருந்து.

கடைசிக் கீறலை அடைக்க
இரண்டு கையையும் உயர்த்தியபோது
வீட்டுக்காரர் எழுந்து போய்
கதவைச் சாத்தினார்.
குளிருகிறதே, என்றார்.